பழைய போஸ்ட்கார்டுல இருக்கிற குழந்தைய எப்படிப் பார்க்கணும்

முதல்ல கார்டைத் திருப்புங்க, பின்பக்கம் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிருந்தா, இங்கிலாந்து கார்டுன்னா 1902லயோ அதுக்கு அப்புறமோ வந்தது, அமெரிக்கான்னா 1907 வாக்குல இருந்து வந்தது. அடுத்து படம். கவுன் போட்டிருக்குன்னு உடனே பொண்ணுன்னு எழுதி வெச்சிடாதீங்க, அங்க அப்போ சின்னப் பையன்களுக்கும் நாலஞ்சு வயசு வரைக்கும் கவுன்தான், வகிடு ஓரமா இருந்தா பெரும்பாலும் பையன், ஆனா அதை மட்டும் நம்பாம கையில இருக்கிற பொம்மை, சாட்டை எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. கன்னம் ரோஸா இருந்தா லென்ஸ் வைங்க, நிறைய போட்டோ கார்டுக்குக் கையாலதான் கலர் அடிச்சாங்க.

1914-18 முதல் உலகப் போர் கால கார்டுல குட்டிப் பையன் சிப்பாய் டிரஸ்ல நிப்பான், எனக்கு அதப் பார்த்தாலே மனசு கனத்துடும், போருக்கு ஆதரவு தேட குழந்தைய நிக்க வெச்சிருக்காங்க. அந்த மாதிரி கார்டுல பின்னாடி எழுதின நாலு வரியையும் கண்டிப்பா படிங்க.