ரோலர்பாலா பால்பாயிண்டா? கைல கடைஞ்ச பேனா விஷயத்துல தவிர்க்க வேண்டிய தப்புங்க

கைல கடைஞ்ச பேனா வாங்குறவங்களும் சரி, புதுசா லேத் (மரம் கடையுற மெஷின்) வாங்கி பேனா செய்ய ஆரம்பிச்சவங்களும் சரி, முதல்ல பாக்குறது மரத்தைத்தான். தேக்கா, மெர்பாவா, கருங்காலியா, இல்ல ரெசினா, கிளிப் தங்க கலரா குரோமா, இதெல்லாம் முடிவு பண்ணிட்டு கடைசில "அண்ணே, ரோலர்பால்லயே போட்டுடுங்க, அதுதானே உசத்தி"ன்னு சொல்றாங்க. பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஹின் பஸ் டிப்போ ஞாயித்துக்கிழமை சந்தையில பேனா வெச்சு உக்காந்தா இந்தப் பேச்சு காதுல விழாம இருக்காது. என்னைக் கேட்டா வரிசையே தலைகீழா இருக்கணும். எந்த பேப்பர்ல எழுதப் போறாங்க, அதுக்கு எந்த ரீஃபில் சரி, இது ரெண்டும் தெரிஞ்சாதான் கிட் (மரத்தைத் தவிர பேனாவுக்கு வேணுங்கிற குழாய், முனை, கிளிப் எல்லாம் சேர்ந்த செட்) எடுக்கணும், கிட் வந்தப்புறம்தான் மரம்.

முதல் தப்பே அந்த "உசத்தி"தான். ரோலர்பால் கிட் விலை கூட இருக்குறதுக்கு காரணம் அதுக்கு மூடி வேணும், மூடிக்கு மரை வேணும், பித்தளைக் குழாய் பெருசு, ரெண்டு குழாயும் வேற வேற சைஸ்ங்கிறதால டிரில் பிட்டும் ரெண்டு வாங்கணும். எழுத்து நல்லா வரும்ங்கிறதுக்காக அந்த விலை இல்ல. முனையில பாத்தா ரெண்டுலயும் ஒரே மாதிரி சின்ன உருண்டைதான், பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு. வித்தியாசம் மை. பால்பாயிண்ட்ல எண்ணெய்ல கரைச்ச கெட்டி மை. ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பீரோ பத்திரிகை அச்சு மை எப்படி சீக்கிரம் காயுதுன்னு பாத்து, அதையே பேனாவுல கொண்டு வர பாத்தாரு, அந்த மை அவ்வளவு கெட்டியா இருந்ததால ஃபவுண்டன் பேனா நிப்ல இறங்கல, அதுக்காகத்தான் முனையில உருண்டை வெச்சாரு, 1938ல பேட்டண்டும் எடுத்தாரு. ரோலர்பால் வந்தது அதுக்கு ரொம்ப பின்னாடி, 1963ல, ஜப்பான்ல ஓட்டோ கம்பெனி கொண்டு வந்தது. அதுல தண்ணி மை. அழுத்தவே வேணாம், பேப்பரைத் தொட்டாலே மை இறங்கும், எழுத்து கருகருன்னு பளிச்சுன்னு இருக்கும். கையெழுத்துக்கு அது அழகுதான், மறுக்க முடியாது.

ஆனா தண்ணி மைன்னா தண்ணி மையோட குணம் எல்லாம் கூடவே வரும். இங்கதான் ரெண்டாவது தப்பு, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய தப்பு. யாருக்குக் கொடுக்குறோமோ அவங்க தினம் எந்த பேப்பர்ல எழுதுறாங்கன்னு கேக்காமலே வாங்கிடுறாங்க. கோயில் கமிட்டி பொருளாளருக்கு பரிசுன்னு அழகான ரோலர்பால் கொடுக்குறாங்க. அவரு தைப்பூச சீசன் முழுக்க எழுதுறது ரசீது புத்தகத்துல, அடியில கார்பன், இல்லன்னா கார்பன் இல்லாத காப்பி பேப்பர். ரெண்டுக்குமே அழுத்தம் வேணும். ரோலர்பாலை அழுத்தினா முனைதான் கெடும், அடிக் காப்பியில ஒண்ணும் விழாது. அதே மாதிரிதான் லாரி கம்பெனி, ஹார்ட்வேர் கடை, கிளினிக் கவுண்டர், டெலிவரி ஆர்டர் எழுதுற எல்லாருக்கும் பால்பாயிண்ட்தான் சரி. பிள்ளைங்க பயிற்சிப் புத்தகம் திருத்துற டீச்சருக்கும் அப்படித்தான், அந்த பேப்பர் மெல்லிசு, ரோலர்பால் மை பின்பக்கம் தெரியும், பக்கத்தை உடனே திருப்பினா எதிர்ப்பக்கமும் ஒட்டும். மே 16 ஆசிரியர் தினத்துக்கு ரோலர்பால் வாங்கித் தர்ற பெற்றோர்களுக்கு நான் சொல்றது, டீச்சர் புத்தகம் திருத்துறதுக்கா இல்ல டைரி எழுதுறதுக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.

கல்யாணத்துல மொய் எழுதுற நோட்டு, பத்திரிகையில பேர் எழுதுறது, இதையும் யோசிக்கணும். நோட்டு நல்ல தடிச்ச பேப்பர்னா ரோலர்பால் ஜோரா ஓடும். வழவழன்னு கோட்டிங் போட்ட பத்திரிகை அட்டைன்னா தண்ணி மை காயாம அப்படியே நிக்கும், விரல் பட்டா இழுத்துடும். இடதுகைக்காரங்களுக்கு இதே தொல்லை எல்லா பேப்பர்லயும், எழுதின இடத்து மேலயே கை நகர்ந்து போகும், அவங்களுக்கு பால்பாயிண்ட் இல்லன்னா சீக்கிரம் காயுற மை.

மூணாவது தப்பு ரீஃபில் பேர்ல. இதுல நிறைய பேரு காசு விடுறாங்க. பார்க்கர் ஸ்டைல் ரீஃபிலுக்கு ஜி2ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் பேர் இருக்கு, நீளம் கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர். பைலட் கம்பெனியோட ஜெல் பேனாவுக்கும் ஜி2ன்னுதான் பேரு, அதோட ரீஃபில் அதைவிட நீளம், உருவமும் வேற. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆன்லைன்ல "ஜி2 ரீஃபில் 10 பீஸ்"னு ஆர்டர் போட்டுட்டு வந்தப்புறம் பேனாவுக்குள்ள போகலன்னு முழிக்கிறாங்க. படத்தைப் பாருங்க, நீளத்தைப் பாருங்க, அப்புறம் காசு கட்டுங்க. கிட்லயும் பல மாடல் இருக்கு, ஸ்லிம்லைன்ங்கிற கிட் எடுத்தா அதுல போறது கிராஸ் ஸ்டைல் ரீஃபில், மெல்லிசா இருக்கும். சிகார், சியரா கிட்ல பார்க்கர் ஸ்டைல். மூடி போட்ட ரோலர்பால் கிட்ல ஷ்மிட் 888 மாதிரி நீளமான ரோலர்பால் ரீஃபில், பின்னாடி ஒரு ஸ்பிரிங் வெச்சு முன்னாடி தள்ளும். அந்த ஸ்பிரிங்கை மறந்துட்டு பூட்டினா ரீஃபில் உள்ள ஆடும், எழுதுறப்ப டக்கு டக்குன்னு சத்தம் வரும்.

பார்க்கர் ஸ்டைல் கிட்டை நான் அடிக்கடி சிபாரிசு பண்றதுக்குக் காரணமே அதுக்குள்ள என்னென்னமோ போடலாம்ங்கிறதுதான். சாதா எண்ணெய் மை போடலாம், ஜெல் போடலாம், யூனி ஜெட்ஸ்ட்ரீமோட எஸ்எக்ஸ்ஆர்-600 அந்த சைஸ்லயே வருது, எண்ணெய் மைதான் ஆனா ரொம்ப இளக்கம், எழுதினா பாதி ரோலர்பால் மாதிரியே வழுக்கிட்டு போகும், கார்பன்லயும் விழும், சீக்கிரமும் காயும். ஷ்மிட் பி8126ன்னு ஒண்ணு இருக்கு, அது மூடி இல்லாமலே வெச்சிருக்கக்கூடிய ரோலர்பால், அதுவும் பெரும்பாலான பார்க்கர் ஸ்டைல் பேனாவுல உக்காரும். ரோலர்பால் எழுத்துதான் வேணும் ஆனா மூடியைக் கழட்டி கழட்டி மாட்ட பொறுமை இல்லங்கிறவங்களுக்கு இது நல்ல வழி. சாதா ரோலர்பால் ரீஃபிலை மூடி இல்லாத பேனாவுல வெட்டி ஒட்டி நுழைக்கிறவங்களும் இருக்காங்க, அது வேணவே வேணாம், முனை காஞ்சு போய் கிறுக்கிக் கிறுக்கி வர வைக்கணும்.

செய்றவங்களுக்கு தனியா கொஞ்சம் சொல்லணும். ட்விஸ்ட் பால்பாயிண்ட்ல, அதாவது திருகினா முனை வெளிய வர்ற பேனாவுல, அந்த மெக்கானிசத்தை குழாய்க்குள்ள அழுத்துறப்ப ஒரேயடியா உள்ள தள்ளிடாதீங்க. கொஞ்சம் அழுத்து, ரீஃபில் போட்டு முனை எவ்வளவு வெளிய வருதுன்னு பாரு, மறுபடி கொஞ்சம் அழுத்து. ஆழமா போயிட்டா ட்விஸ்ட் பண்ணாலும் முனை உள்ள போகாது, சட்டை பாக்கெட்ல மை. திருப்பி வெளிய எடுக்குறப்ப பாதி நேரம் மரம் பிளந்துடும்.

ரோலர்பால்ல இந்த மெக்கானிசம் கவலை இல்ல, ஆனா மரத்தோட கவலை ரெட்டிப்பு. பினாங்கு காத்துல ஈரம் எப்பவும் 80 சதவீதம் கிட்ட, காஞ்ச மரம்னு வாங்குறதுலயே சுமார் 15 சதவீதம் ஈரம் இருக்கும். அந்தப் பேனா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஆபீஸ்ல ஏர்கான் அடியில நாள் பூரா கிடந்தா மரம் சுருங்கும், உள்ள இருக்குற பித்தளை சுருங்காது, அதனால மரம் வெடிக்கும். மூடிப் பக்கம் குழாய் பெருசு, மேல மரம் மெல்லிசு, அதனால வெடிப்பு பெரும்பாலும் அங்கதான் முதல்ல தெரியும். கட்டையை டிரில் போட்டு ஓட்டையோட சில வாரம் ஏர்கான் ரூம்ல வெச்சிட்டு அப்புறம் குழாய் ஒட்டுங்க, அவசரப்பட வேணாம்.

ரப்பர் மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க, அப்பா அம்மா பால்மரம் சீவினவங்க, ரப்பர் மரத்துலயே ஒரு பேனா வேணும்னு கேக்குறப்ப எனக்கு அதைவிட சந்தோஷமான ஆர்டர் கிடையாது. ஆனா அது வெளிறின மரம், வெட்டினதும் சீக்கிரமே நீலப் பூஞ்சை புடிக்கும், மையையும் உறிஞ்சும். அதுல ரோலர்பால் செஞ்சா மரத்தோட ரெண்டு முனையையும் சூப்பர் குளூவால நல்லா சீல் பண்ணணும், இல்லன்னா மூடிக்குள்ள கசியுற ஒரு சொட்டு மை நாருக்குள்ள ஏறிடும், அப்புறம் தேய்ச்சாலும் போகாது. அந்த மரத்துக்கு நான் பால்பாயிண்ட்தான் சொல்வேன்.

எடையையும் மறக்காதீங்க. ரோலர்பால் மூடியை பின்னாடி மாட்டி எழுதுறவங்களுக்கு பேனா பின்பக்கமா சாயும், வயசானவங்களுக்கு விரல் வலிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கைல கொடுத்து நாலு வரி எழுத வைங்க, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுப் பாத்தா இது தெரியாது.

விமானத்துல அடிக்கடி போறவங்க ரோலர்பால் எடுத்துட்டு போனா முனை மேல பாத்த மாதிரி வெச்சுக்கணும், காத்தழுத்தம் மாறுறப்ப மை வெளிய வரலாம். விக்கிறவங்க பெட்டிக்குள்ள ஒரு சின்ன சீட்டு வைங்க, ரீஃபில் பேர், சைஸ், எந்தப் பக்கம் திருகி கழட்டணும்ங்கிறது மட்டும் போதும். மை தீர்ந்தப்புறம் என்ன ரீஃபில்னு தெரியாமலே எத்தனையோ நல்ல பேனா டிராயர்ல கிடக்குது.