உயர்திறன் காருக்கு என்ஜின் ஆயில்: தேர்வில் நேரும் தவறுகள்

உயர்திறன் கார் வைத்திருப்பவர்கள் ஆயில் தேர்வில் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அலட்சியத்தால் வருவதில்லை. காரின் மீதுள்ள அக்கறை மிகுந்துபோவதால் வருகின்றன. கையேட்டில் அச்சிட்டிருக்கும் 0டபிள்யூ-40 போன்ற ஆயில் எண்ணை ஒரு குறைந்தபட்சத் தேவையாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதைவிடக் கெட்டியானதையோ விலை கூடியதையோ ஊற்றினால் என்ஜினுக்கு இன்னும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண், பேரிங்குகளின் இடைவெளி, ஆயில் பம்பின் கொள்ளளவு, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் அமைப்பு ஆகியவற்றோடு சேர்த்து முடிவு செய்யப்பட்டது.

முதல் குழப்பம் அந்த எண்ணைப் படிப்பதிலேயே தொடங்குகிறது. 0டபிள்யூ-40 என்றதும் தண்ணீர் போன்ற ஆயில் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. என்ஜின் சூடான பிறகு கணக்கில் வருவது பின்னால் உள்ள எண். 0டபிள்யூ-40 ஆனாலும் 10டபிள்யூ-40 ஆனாலும், 100 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும்.

சக்தி கூடினால் ஆயிலும் கெட்டியாக வேண்டும் என்பது அடுத்த நம்பிக்கை. 343 குதிரைத்திறன் கொண்ட ஈ46 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 காருக்கு அந்நிறுவனம் 10டபிள்யூ-60 ஆயிலைக் குறிப்பிட்டது. 2007இல் 480 குதிரைத்திறனுடன் வந்த நிஸான் ஜிடி-ஆர் காரோ 0டபிள்யூ-40 ஆயிலுடன் வந்தது. குதிரைத்திறனைப் பார்த்து ஆயிலின் கெட்டித்தன்மையை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு கார்களே போதும். தேவையில்லாமல் கெட்டியான ஆயிலை ஊற்றியவர், அழுத்தமானியின் முள் மேலே நிற்பதைப் பார்த்து மகிழ்கிறார். ஆனால் முள் காட்டுவதில் ஒரு பகுதி, ஆயில் ஓட முடியாமல் தடுமாறுவதன் அளவு. குளிர்ந்த என்ஜினில் பம்பின் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதைவிட நுட்பமான தவறு, எண் ஒன்றாக இருந்தால் ஆயிலும் ஒன்றுதான் என்று கருதுவது. டப்பாவின் முன்பக்கத்தில் 5டபிள்யூ-30 என்று பெரிதாக அச்சிட்ட இரண்டு ஆயில்களை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரமான ஏசிஇஏ ஏ5/பி5 என்றும் மற்றொன்றில் சி3 என்றும் சிறிய எழுத்தில் இருக்கலாம். 150 டிகிரி வெப்பத்தில், கடும் உராய்வின் நடுவே பாகுத்தன்மையை அளக்கும் சோதனையில் முதலாவது 2.9 முதல் 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி வரை இருக்கும், இரண்டாவது 3.5க்குக் குறையக் கூடாது. சூடான என்ஜினை உச்ச வேகத்தில் ஓட்டும்போது கனெக்டிங் ராடு பேரிங்கில் நிற்கும் மெல்லிய ஆயில் படலத்தைப் பொறுத்தவரை இது பெரிய வேறுபாடு. அதே பின்பக்கத்தில் இன்னொரு சொல் விளையாட்டும் உண்டு: போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5 போன்ற தரக்குறியீடுகளுக்கு ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றால் கார் நிறுவனம் ஒப்புதல் அளித்திருக்கிறது. ‘ஏற்றது’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றால் அது ஆயில் தயாரிப்பாளரின் சொந்தக் கூற்று மட்டுமே.

பந்தய ஆயிலைச் சாலைக் காரில் ஊற்றுவதும் ஒரு கவர்ச்சிதான். அதில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அழுக்கை அகற்றும் சேர்மங்களும் பல பந்தய ஆயில்களில் குறைவு, ஏனெனில் அங்கே அடிக்கடி ஆயில் மாற்றிவிடுவார்கள்.

நேரடி எரிபொருள் பீய்ச்சலும் டர்போவும் சேர்ந்த என்ஜினில், குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது, தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் அபாயம் உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டக்கூடும் என்று தெரிந்த பிறகே, இதற்கான சோதனை 2018இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்என் பிளஸ் தரத்திலும் 2020இல் எஸ்பி தரத்திலும் சேர்க்கப்பட்டது. இத்தகைய காருக்கு, மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய தர ஆயிலை வாங்குவது வீண் சிக்கனம்.

தனியாக விற்கும் சேர்க்கைப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிலுக்குள் ஏற்கெனவே அளந்து வைத்த சமநிலையை அவை குலைக்கக்கூடும்.

நெடும்பயணத்தின் நடுவே ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு கிடைத்ததை ஊற்றுவது கடைசித் தவறு. அளவு குறைந்த நிலையில் ஓட்டுவதைவிட அதுகூடப் பரவாயில்லை என்றாலும், உயர்திறன் என்ஜின்களில் பல இயல்பாகவே ஓரளவு ஆயிலைக் குடிப்பவை என்பதால், அதே தரக்குறியீடுள்ள ஒரு லிட்டரை டிக்கியில் வைத்திருப்பது சிரமமில்லாத வழி. ஊற்றுவதற்கு முன் அளவு பார்க்கும் முறையைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஆயிலை என்ஜினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் அமைப்புள்ள பல கார்களில் என்ஜின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், நிறுத்திக் குளிரவிட்டுப் பார்த்தால், அந்தத் தொட்டியிலிருந்து ஆயில் கீழே வடிந்து அளவு குறைவாகத் தெரியும்.