தொலைபேசி இலக்கத்தைப் படமாகப் போடாதீர்கள்

பாசிக்குடாவில் விடுதியோ காத்தான்குடியில் துணிக்கடையோ, உங்கள் இணையத்தளத்தை ஒருதரம் சாதாரண போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது விலை, இடம், தொலைபேசி இலக்கம். இலக்கம் படத்துக்குள் இருந்தால் தொட்டு அழைக்க முடியாது. எழுத்தாகவே போட்டு, மட்டக்களப்புக் குறியீடான 065 என்பதை இலங்கைக் குறியீட்டோடு +94 65 என்று மாற்றி அழைப்பு இணைப்பாக வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் நம் உறவுகளும் ஒரே தொடுதலில் பேசலாம்.

அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எல்லாப் போன்களுக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றினால் வாசிக்கவும் முடியும், கூகுளில் தேடினாலும் அகப்படும். எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். படங்களையும் சுருக்கி ஏற்றுங்கள்.