புரூஸ் லீயைப் பின்பற்றுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கராத்தே வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், கட்டா, அதாவது தனியாக வரிசைப்படி செய்யும் அசைவுத் தொடர், எதற்கு என்று மாஸ்டரிடம் கேட்டேன். புரூஸ் லீயே அதெல்லாம் வேண்டாம் என்றுதானே சொன்னார் என்று வாதமும் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கால்களை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் கிபாடாச்சியில் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னார். நாற்பது விநாடிக்குள் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். “வேண்டாம் என்று தள்ளுவதற்கு முதலில் உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டுமே” என்றார்.

லீயைப் பற்றிப் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பயனுள்ளதை எடுத்துக்கொள், பயனற்றதைத் தள்ளு, உனக்கே உரியதைச் சேர்த்துக்கொள் என்பது அவருடைய புகழ்பெற்ற கொள்கை. இதில் நடுவில் இருப்பதை முதலில் பிடித்துக்கொள்கிறோம், அதுதான் சுலபம். அவர் எப்போது தள்ளினார் என்று பார்ப்பதில்லை. ஹாங்காங்கில் பதின்மூன்று வயது வாக்கில் யிப் மேன் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்ற குங்ஃபூ வகையைக் கற்கத் தொடங்கியவர் அவர். 1959-இல் அமெரிக்கா போன பிறகு சியாட்டிலிலும் ஓக்லாந்திலும் கற்றுக்கொடுத்ததும் அந்த அடித்தளத்தின் மேல்தான். 1964-இன் இறுதியில் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரருடன் ஒரு மோதல் நடந்தது. அதில் யார் கை ஓங்கியது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனதே இல்லை. லீக்கு அது திருப்தி தரவில்லை என்பது மட்டும் தெளிவு. தான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்துவிட்டது, மூச்சும் வாங்கிவிட்டது.

தள்ளும் வேலை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. ஓட்டம், ஸ்கிப்பிங், சைக்கிள் என்று மூச்சைக் கட்டினார். குத்துச்சண்டைப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மேற்கத்திய வாள்வீச்சிலிருந்து கால் நகர்வையும், எதிராளி தாக்கத் தொடங்கும் கணத்திலேயே குறுக்கே பாய்ந்து அடிக்கும் உத்தியையும் எடுத்துக்கொண்டார். 1967-இல் தன் சண்டை முறைக்கு அவர் வைத்த ஜீத் குனே டோ என்ற பெயருக்கே ‘இடைமறிக்கும் முஷ்டியின் வழி’ என்றுதான் பொருள்.

இதைக் கதம்பம் என்று புரிந்துகொள்வது அடுத்த தவறு. டேக்வாண்டோவிலிருந்து இரண்டு உதை, ஜூடோவிலிருந்து ஒரு பிடி, குத்துச்சண்டையிலிருந்து நான்கு குத்து என்று பையில் போட்டுக் குலுக்கிவிட்டு அதற்கு லீயின் பெயரை வைக்கிறார்கள். அவர் அடிக்கடி சொன்ன உவமை சிற்பி. சிற்பி களிமண்ணை அப்பிக்கொண்டே போவதில்லை, தேவையில்லாததைச் செதுக்கி எடுக்கிறான். நாள்தோறும் கூட்டுவதல்ல, நாள்தோறும் குறைப்பது. தன் பெயரிலேயே இன்னொரு ‘பாணி’ உறைந்துபோவதைப் பார்த்து 1970-இல் தன் பள்ளிகளையே மூடியவர் அவர்.

முஷ்டியை இலக்குக்கு ஒரு அங்குலத் தொலைவில் வைத்துக் குத்தும் ஒரு அங்குலக் குத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964-இல் லாங் பீச் கராத்தே போட்டியில் அவர் அதைச் செய்து காட்டிய படத்தைப் பார்த்தவர்கள் மணிக்கட்டையும் முன்கையையும் முறுக்கேற்றப் பார்க்கிறார்கள். படத்தில் கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். பின்னங்கால் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் பின்தொடர்கிறது. முஷ்டி கடைசியில்தான் வருகிறது. அதே மேடையில் இரண்டு விரலில் தண்டால் எடுத்ததைப் பார்த்து, சாதாரணத் தண்டால் இருபது எடுக்க முடியாதவர்கள் விரல் மூட்டைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட லீ தானே செய்த ஒரு தவறு நமக்குப் பயன்படும். 1970 ஆகஸ்டில் ஒரு நாள், ஏறத்தாழ தன் உடல் எடைக்குச் சமமான பார்பெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். உடலைச் சூடேற்றிக்கொள்ளவில்லை. கீழ்முதுகில் நரம்பு பாதிக்கப்பட்டது. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுக்கை. மீண்டும் எழுந்து உதைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைத்தான் உற்சாகமாகச் சொல்வோம். அந்த முதுகுவலி 1973-இல் 32 வயதில் இறக்கும்வரை அவரை விடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. பத்து நிமிட வார்ம்-அப்பை மிச்சம் பிடித்ததற்கு அவர் கொடுத்த விலை அது. குனிந்து நிமிரும் அந்தப் பயிற்சியைச் செய்தே ஆக வேண்டும் என்றால் எடை இல்லாத வெறும் கம்பியோடு தொடங்குங்கள்.

அந்தப் படுக்கையில் அவர் நிறையப் படித்தார், நிறைய எழுதினார். அவர் படித்த சிந்தனையாளர்களில் ஒருவர் ஜே.கிருஷ்ணமூர்த்தி, அடையாறு கடற்கரையில் சிறுவனாகத் தியாசபிகல் சங்கத்தாரின் கண்ணில் பட்டு, பின்னர் 1929-இல் தனக்காக அவர்கள் அமைத்த அமைப்பையே கலைத்தவர். உண்மைக்குப் பாதை கிடையாது என்ற அவருடைய பேச்சும், வழியின்மையை வழியாகக் கொள் என்ற லீயின் வாசகமும் ஒன்றுக்கொன்று உறவு. ஆனால் லீ எழுதிய குறிப்பேடுகளில், குத்துச்சண்டை, வாள்வீச்சு நூல்களிலிருந்து தனக்காக எடுத்துவைத்த வரிகளும் கலந்திருக்கின்றன. அவர் இறந்த பின் 1975-இல் அவை நூலாக வந்தன. அதைப் பாடத்திட்டம் போல முதல் பக்கத்திலிருந்து பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இன்னொருவருடைய அடுக்களைக் குறிப்பை வைத்துச் சமைப்பது போலத்தான்: உப்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும், அதனால் எழுதியிருக்க மாட்டார்.

தண்ணீரைப் போல இரு என்ற லீயின் வாசகத்தைச் சோம்பலுக்குச் சாக்காக்குவதும் நடக்கிறது. தண்ணீர் ஓடவும் செய்யும், மோதி உடைக்கவும் செய்யும் என்றும் அவர் சொன்னார். பனியனில் அச்சிடும்போது பின்பாதி உதிர்ந்துவிடுகிறது. மென்மையானது வன்மையானதை வெல்லும் என்ற சீன ஞானி லாவோட்ஸுவின் பழைய சிந்தனை அது. அது தனக்கு எப்படிப் புரிந்தது என்று லீயே எழுதியிருக்கிறார். சில ஆண்டுக் கடும் பயிற்சிக்குப் பிறகும் உடல் இறுக்கமாகவே இருந்ததால், ஒரு வாரம் பயிற்சிக்கு வராதே என்று யிப் மேன் அனுப்பிவிட்டார். தனியாகப் படகில் போனவர் எரிச்சலில் கடல்நீரைக் குத்தினார். நீருக்கு வலிக்கவில்லை. கைநிறைய அள்ளிப் பிடிக்கப் பார்த்தார், விரலிடுக்கில் வழிந்தது. பயிற்சியே செய்யாத ஒருவர் படகில் போயிருந்தால் கை நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

பச்சை முட்டை கலந்த பானங்களை அவர் குடித்தார் என்பதற்காக நீங்களும் குடிக்க வேண்டாம். வேகவைத்த முட்டையிலும் புரதம் இருக்கிறது. சங்கிலியால் பிணைத்த இரண்டு கட்டைகளான நஞ்சாக்கு ஆயுதத்தை அவருக்கு அறிமுகம் செய்தவர் டான் இனோசான்டோ என்ற தேர்ந்த ஆசிரியர். எனக்கு அப்படி யாரும் இல்லை. சைக்கிள் செயினில் இரண்டு கட்டைகளைப் பிணைத்து மொட்டை மாடியில் சுழற்றியதில் வலது முழங்கை ஒரு வாரம் மடங்கவில்லை. இப்போது ஸ்பாஞ்ச் சுற்றியவை விளையாட்டுப் பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன. முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும்.