மாலரைக் கேட்கத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரைப் புதிதாகக் கேட்க வருபவர்கள், 20 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். சிம்பொனி என்ற பெரிய இசைக்குழுப் படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடாஜியெட்டோவைத் தனியாகப் பிய்த்தெடுப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஐந்தாம் சிம்பொனியின் நான்காம் பகுதி இது. தந்திக் கருவிகளும் ஒரு ஹார்ப்பும் மட்டும். 1968இல் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் இசைக்குழு நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இதை நடத்தினார். 1971இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் ‘டெத் இன் வெனிஸ்’ படத்திலும் வந்தது. அதற்குப் பிறகு இரங்கல் இசை என்றே பெயராகிவிட்டது. நண்பர் ஒருவருடைய அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் நானும் இதைத்தான் போட்டேன். மாலர் என்றால் அழுகை என்று முடிவுகட்டி, ஆறு வருடம் வேறெதையும் தொடவில்லை. அந்த வருடங்கள் போனது போனதுதான்.

மாலருக்கு நெருக்கமான நடத்துநர் வில்லெம் மெங்கெல்பெர்க் தன் இசைப் பிரதியில் குறித்து வைத்தது வேறு: இது மாலர் பிறகு மணந்த ஆல்மாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் போன காதல். 1926இல் பதிவு செய்தபோது அவர் சுமார் 7 நிமிடத்தில் முடித்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் 11 நிமிடத்துக்கு மேலும் இழுத்தார்கள்.

இந்த சிம்பொனியில் சாவு ஊர்வலம் உண்டு, ஆனால் அது முதல் பகுதியில். ஒற்றை டிரம்பெட் அதைத் தொடங்கிவைக்கும். அடாஜியெட்டோவுக்கு வரும்போது அதையெல்லாம் கடந்துவிட்டோம். கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியதும், இடைவெளி விடாமல், ஒரு ஹார்ன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும். வயலின்கள் அதைத் திருப்பிச் சொல்லும். அப்புறம் பொழுது விடிந்த மாதிரி இறுதிப் பகுதி. அதற்குள் அடாஜியெட்டோவின் மெட்டே துள்ளலோடு ஓடி வருகிறது! தனியாகக் கேட்டவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

எட்டாம் சிம்பொனியில் தொடங்குவது

வேண்டாம். முதலாவதோ நான்காவதோ எடுங்கள்.

வாழ்க்கையை வைத்துப் பாட்டுக்குப் பொருள் சொல்வது

குழந்தைகளின் சாவைப் பற்றிய பாடல்களை 1904இல் எழுதி முடித்துவிட்டார். மகள் மரியா இறந்தது 1907இல்.

19ஆம் நூற்றாண்டின் ரொமாண்டிக் இசைக் காலத்தோடு அவரை மூடிவிடுவது

பின்னால் வந்த சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் நான்காம் சிம்பொனியைக் கேளுங்கள், மாலர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரியும்.

நடத்துநர் மாலரை மறப்பது

1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநர் அவர். இசை எழுதியது பெரும்பாலும் கோடை விடுமுறையில். மற்ற நடத்துநர்கள் எங்கே தடம் மாறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஸ்கோர் (எழுதிய இசைப் பிரதி) முழுக்க ‘அவசரப்படாதே’, ‘இழுக்காதே’ என்று எழுதிக்கொண்டே போகிறார். ‘மிக மெதுவாக’ என்று ஆரம்பிக்கும் அடாஜியெட்டோவிலும், கொஞ்ச தூரத்திலேயே அந்த ‘இழுக்காதே’ இருக்கிறது.