மேலேறும்போது தளர்ந்த மோட்டார்

என் மாதிரி விமானம் பறக்கத் தொடங்கிய இரண்டே நிமிடத்தில் மோட்டார் தளர்ந்துவிடும். பழியை மோட்டாரின் மீது போட்டு, அதை வீணாகக் கழற்றிப் பூட்டினேன். பிறகுதான், 3 செல்கள் கொண்ட 2200 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பாலிமர் பேட்டரிகள் இரண்டை ஒப்பிட்டேன். முழு சார்ஜில் இரண்டுமே 12.6 வோல்ட் காட்டின; ஆனால் விமானத்தைக் கட்டிவைத்து 25 ஆம்பியர் இழுக்கவிட்டபோது, புதியது 12.1 வோல்ட்டில் நிற்க, பழையது 10.7க்குச் சரிந்தது. சார்ஜரில் அகத்தடையை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லின் உள்ளேயே எழும் தடையை, அளந்தால், பழையதில் இரு செல்கள் 15 மில்லி ஓம் அளவில் இருக்க, மூன்றாவது மட்டும் 48 காட்டியது. விரலால் தடவினாலே அதன் உப்பல் தெரிந்தது. முழு சார்ஜுடன் வாரக்கணக்கில் போட்டுவைத்தது என் தவறுதான். பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று சொல்ல உறையில் அச்சிட்ட ‘சி’ எண்ணை இப்போது நான் அவ்வளவாக நம்புவதில்லை. பழையதை ஒதுக்கிவிட்டு, புதியதைப் பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கிறேன்.