செல்போனில் ஒரு செல்: மைக்ரோஸ்கோப் வழியே படம் எடுக்கலாம் வாங்க

கண்ணுக்கு அத்தனை அழகாகத் தெரிந்த வெங்காயச் செல், செல்போனில் எடுத்தால் கறுப்புத் திரையில் வெள்ளைப் பொட்டாக வந்து நிற்கும். போன் மட்டம் என்று நினைக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் வெளிச்சத்திலும் தூரத்திலும்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும்.

1. ஸ்லைடு

வெங்காய இதழை உடைத்தால் உட்புறம் மெல்லிய சவ்வு உரிந்து வரும். அதில் நகத்தளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மேலே ஒரு சொட்டு அயோடின். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் கிளாஸை ஒரு ஓரமாகத் தொடவைத்து, மெல்லச் சாய்த்து இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். கறுத்த விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழியைச் செல் என்று நம்பிக் குதித்தவர்களில் நானும் ஒருவன்.

2. போகஸ்

ஸ்லைடுக்கு நேர் மேலே இருக்கும் அடிலென்ஸ்களில் முதலில் 4எக்ஸ், அதாவது 4 மடங்கு பெரிதாக்குவது, அப்புறம் 10எக்ஸ். 40எக்ஸ் ஆசை இப்போதைக்கு வேண்டாம்.

3. வெளிச்சம்

அவசரப்படக் கூடாத இடம் இது. ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே, வெளிச்சம் வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் டயாபிரம் இருக்கும். அதை முழுக்கத் திறந்தால் செல்சுவர்கள் வெளிறிப்போகும். ரொம்ப மூடினால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் பொய்க்கோடுகள் முளைக்கும். முழுக்கத் திறந்துவிட்டு, கண்ணால் பார்த்தபடியே மெதுவாக மூடிக்கொண்டு வாருங்கள். சுவர்கள் பளிச்சென்று எழும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் அதிகமாகத் தோன்றினால் விளக்கைக் குறையுங்கள், டயாபிரத்தைத் தொடாதீர்கள். விளக்குக்குப் பதில் கண்ணாடி வைத்த மைக்ரோஸ்கோப் என்றால் அதை வானத்தின் பக்கம் திருப்பலாம். நேர் வெயிலுக்கு ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

4. போனை வைப்பது

போனில் மூன்று நான்கு கேமரா இருந்தால், ஒவ்வொன்றையும் விரலால் மறைத்து 1எக்ஸ் கேமரா எது என்று கண்டுபிடியுங்கள். ஃபிளாஷ், கிட்டத்துப் படத்துக்கான மேக்ரோ இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிட்டே போனதும் போன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸுக்கு நேர் மேலே, சில சென்டிமீட்டர் உயரத்தில் போனைச் சாயாமல் பிடியுங்கள். சின்ன வெள்ளை வட்டம் தெரியும். கீழே இறக்க இறக்க அது விரியும். ஏறக்குறைய 1 முதல் 2 செ.மீ. தூரத்தில் முழுசாக விரியும். அதையும் தாண்டி இறக்கினால் ஓரத்தில் நிழல் கட்டும். சரியான உயரம் பிடிபட்டதும் அட்டையைச் சுருட்டி, அதே உயரத்துக்கு ஒரு வளையம் செய்து மாட்டிவிடுங்கள். கை நடுக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

5. கிளிக்

திரையை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டுங்கள். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இனி போகஸ் திருத்த வேண்டுமென்றால், போன் திரையைப் பார்த்துக்கொண்டே மைக்ரோஸ்கோப்பின் சின்னத் திருகைத் திருப்புங்கள். 3 நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.

6. அளவு

படத்துக்குக் கீழே ‘100 மடங்கு’ என்று எழுதாதீர்கள். அதே படம் போனில் ஓர் அளவு, டிவியில் ஓர் அளவாகத் தெரியும். அதற்குப் பதில் செல்லின் உண்மையான நீளத்தை எழுதுங்கள். கண் லென்ஸின் மேல் பார்வை வட்டத்தின் அளவாக 18 (மி.மீ.) என்ற எண் இருந்தால் அதை அடிலென்ஸின் எண்ணால் வகுங்கள். 10எக்ஸில் வட்டத்தின் குறுக்களவு 1.8 மி.மீ. அந்த வட்டத்தின் குறுக்கே ஆறு செல்கள் நீளவாக்கில் வரிசையாக நின்றால், ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ.